பொட்டில் ஓடிய நீல வெளிச்சம்

அன்று பிற்பகல், மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில், அந்த வளைவில் இருந்தவர்கள் இரண்டே பேர். தேயிலைத் தோட்டத்துப் பழைய பிக்கப் வண்டியின் டிரைவரான நான். கொழுந்து பறிக்கையில் விரியன் பாம்பு கையில் கடித்த பொன்னம்மா. முருகப்பெருமானும் அங்கே இருந்தார் என்று சொல்லத்தான், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் அது. பொன்னம்மாவுக்கு வாந்தி வந்ததால் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினையும் அணைத்தேன். அதற்குள் பனி வந்து மூடிவிட்டது, சாரலும் கூட. திரும்ப ஏறி, வண்டியைக் கிளப்பக் காலடியில் இருக்கும் செல்ஃபை மிதித்தேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. பத்துத் தடவை மிதித்தேன். பற்றவில்லை.

நான் பயந்த சுபாவம். கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்ப்பவன். மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவுக்குப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதமும் நின்றுவிட்டது. வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கிடந்தேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் படுத்த நாட்கள் உண்டு.

இறங்கி, எஞ்சின் மேல்மூடியைத் திறந்து குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் வந்தது. அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. பொன்னம்மாவுக்கு முழங்கை வரை வீங்கியிருந்தது.

“என்னண்ணே, வண்டியையும் பாம்பு கடிச்சிருச்சா?” என்றாள்.

“பேசாத தங்கச்சி. விஷம் ஏறும்.”

“நான் பேசாட்டி நீங்க அழுதுருவீங்க போல இருக்கே.”

அழுதேன்தான். எஞ்சினைப் பார்த்தபடியே கும்பிட்டேன். ‘முருகா, என் அறையில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. இவளுக்கு லயத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கதிர்காமத்து உண்டியலில் இருபத்தைந்து ரூபாய் போடுகிறேன். இவளைக் காப்பாற்று.’

“கும்புட்டுக்கிட்டே பாருங்கண்ணே, எஞ்சின் நனையுது. இந்தப் படங்க எடுத்து மூடுங்க.” கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கை அவிழ்த்து நீட்டினாள். “செல்ஃப நான் மிதிக்கிறேன். கால்ல ஒண்ணும் கடிக்கலையே!”

படங்கை எஞ்சின் மேலும் என் தலை மேலும் போர்த்திக்கொண்டேன். உள்ளே கும்மிருட்டு. அவள் மிதித்தாள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடியில், நான் வைத்த சந்தனப் பொட்டின் மேல், நீல வெளிச்சம் புழுவைப் போல நெளிந்து ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“முருகா! தங்கச்சி, பொட்டுல வெளிச்சம் ஓடுது!”

“அங்க ஓடலாமாண்ணே?”

ஓடக்கூடாது. அது பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு. மற்ற டிரைவர்மார் ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்கிலும் முகப்பிலும் மட்டும் பொட்டு வைப்பார்கள். ஏதாவது ஒன்று விட்டுப்போய்க் குற்றமாகிவிடுமோ என்று பயந்து, நான் எஞ்சினில் ஒரு சாமான் விடாமல் வைத்திருந்தேன். காய்ந்து கிடந்த சந்தனம் பனியில் ஊறியிருக்கிறது. கரண்டு அதன் வழியே கசிகிறது.

தெரிந்த பிறகும் துடைக்கத் துணியவில்லை. “சாமிக்கு வச்ச பொட்டை எப்படி அழிப்பேன்?”

“அண்ணே,” என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. “எனக்குக் கண்ணு இருட்டுது.”

துடைத்தேன். சட்டைக்குள்ளே நனையாமல் இருந்த பனியனைக் கழற்றி, மூடியின் உள்ளும் புறமும் துடைத்தேன். “மிதி தங்கச்சி!” ஒரே மிதி. எஞ்சின் உறுமியது.

பதுளை ஆஸ்பத்திரியில், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் பொன்னம்மா மறுபடி கொழுந்துக்குப் போனாள். இன்றும் என்னைக் கண்டால், “என்னண்ணே, வெளிச்சம் ஓடுதா?” என்பாள். என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இப்போது பொட்டு ஒன்றுதான் வைக்கிறேன், ஸ்டியரிங்கில். மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்கிறார்.

தனியாகக் கிடந்து பயப்படுகிற அடியார்களே, அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள்.

வருடா வருடம் கதிர்காமத்துக்குப் போய் உண்டியலில் மூன்று ரூபாய் போடுகிறேன். மொத்தமாகக் கட்டிவிடலாம்தான். கட்டிவிட்டால், என்னை எதிர்பார்க்கிற இடம் என்று எதுவும் இருக்காதே. ஆறு தடவை போய்விட்டேன். இன்னும் ஏழு ரூபாய் பாக்கி.