வயிறு முட்டத் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மும்பையை மழை போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு ஆடி மாதக் காலை. தாராவியிலிருந்து செம்பூருக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். எனக்காக மான்குர்த்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தார். மடியில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். அதைப் பாதி குடித்துவிட்டு, ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது மூன்றாவது முறையாகக் கரு தங்கியிருந்தது. தங்கியிருந்தது என்று சொல்லவே நாக்கு கூசிய நாட்கள் அவை. முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அப்படியும் முந்தின நாள் லேசாக இரத்தம் பட்டது. நான் காட்டும் டாக்டரம்மா, உடனே ஸ்கேன் எடுத்துப் பார், குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்த பேச்சு என்று சொல்லிவிட்டார்.

ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டபோது, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் போகாமல் அடக்கிக்கொண்டு வா என்று இந்தியில் சொன்னார்கள். ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சந்துப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டில் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறையில் வரிசை. உள்ளே போய் உட்காருவதற்குள் வெளியே கதவைத் தட்டுவார்கள். நான் வேலை பார்க்கும் கிங்ஸ் சர்க்கிள் புடவைக் கடையிலும் பெண்களுக்கென்று ஒரு மறைவிடம் கிடையாது. அதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டீ, மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். வருடக்கணக்காக இப்படியே பழகிய உடம்பு எனக்கு. குடித்துவிட்டு அடக்கு என்று சொன்னால் அது எங்கே கேட்கும்?

சென்டரில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்திருந்தது. நேரம் போகப் போக எனக்கு வேர்த்துவிட்டது. எதிரிலேயே கழிப்பறை. கதவு திறந்தபோது உள்ளே பார்த்தேன். வெள்ளை டைல்ஸ், எரிகிற விளக்கு, குழாயில் தண்ணீர், ஒழுங்காகப் போடக்கூடிய தாழ்ப்பாள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அறையை ஆசையோடு பார்த்தேன். மதினி என் முகத்தைக் கவனித்துவிட்டார்.

“ஏட்டி, புள்ளத்தாச்சி இப்படி அடக்கக் கூடாது. வயித்துக்குள்ள புள்ளய நெருக்கிறப் போகுது. போயிட்டு வா.”

எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைத்தாச்சியிடம் எல்லாரும் சொல்வதுதான் இது. போனேன். யாரும் தட்டவில்லை. நிம்மதியாக வெளியே வந்தேன். வந்து உட்காருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே துணைக்கு ஆள் விடமாட்டார்கள். ஒரு இளம் டாக்டர் என் அடிவயிற்றில் ஜில்லென்று ஏதோ பசையைப் பூசி, கருவியை வைத்து நகர்த்தினார். அழுத்தினார். சாய்த்தார். மறுபடி அழுத்தினார். பேச்சே இல்லை. அந்த மௌனம் எனக்குப் புதிதில்லை. இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். தண்ணீர் குடித்தாயா என்று இந்தியில் கேட்டார். குடித்தேன் என்றேன், உண்மைதானே. கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கட்டுமா என்றார். இரத்தம் பட்டிருக்கும்போது உள்ளே எதையாவது வைத்தால் இருப்பதும் கலைந்துவிடும் என்ற பயத்தில், வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று இப்போது தெரியும். அவர் பெருமூச்சு விட்டு, எதுவும் தெரியவில்லை, பெரிய டாக்டர் வரட்டும், வெளியே காத்திரு என்றார்.

எதுவும் தெரியவில்லை. என் காதில் அது மட்டும்தான் நின்றது. வெளியே வந்து, “இதுவும் போச்சு மதினி” என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

மதினி என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பிறகு ஒரு முடிவோடு பையை எடுத்தார். போன தடவை கரு கலைந்து உள்ளேயே தங்கி, காய்ச்சலில் நான் பிழைப்பேனா என்றே தெரியாமல் கிடந்தேன். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை.

“இதுக்கு மேல தாமசம் பண்ணக் கூடாதுட்டி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி சுத்தம் பண்ணிக்கிருவோம். புள்ள போனாலும் எங்களுக்கு நீ வேணும்.”

நானும் எழுந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. எங்கே கூட்டிப்போனாலும் போயிருப்பேன். வாசலில் மழை கொட்டியது. ஆட்டோக்காரர்கள் யாரும் நிற்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது, ஒரு வயதான அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். நாங்கள் பேசிய தமிழ் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“என்னம்மா, ஏன் அழறே?”

மாதுங்காப் பக்கத்து ஐயர் வீடுகளில் பேசும் தமிழ். அவர்தான் பெரிய டாக்டர். மதினி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைசியாக பாத்ரூம் எப்போது போனாய்?

இப்போதுதான், இங்கேதான் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே பொறுமையாக விளக்கினார். இந்தக் கருவி அனுப்புவது வெளிச்சம் இல்லை, சத்தம். மனிதக் காதுக்கு எட்டாத அளவு கீச்சென்ற சத்தம். அது உள்ளே போய், பட்டுத் திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் திரையில் படம் விழுகிறது. தண்ணீரிலும் சதையிலும் அது நன்றாகப் போகும். காற்று குறுக்கே வந்தால் தாண்டிப் போக முடியாமல் திரும்பிவிடும். அந்தப் பசையைப் பூசுவதுகூட, தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது என்பதற்குத்தானாம். என் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தபடி எனக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் குடல், குடல் நிறையக் காற்று. மூத்திரப்பை நிரம்பினால்தான் அது குடலை ஒதுக்கிவிட்டு சத்தத்துக்கு வழி விடும்.

“உள்ளே எதுவும் இல்லேன்னு மிஷின் சொல்லலை. காத்து மறைக்கறது, பார்க்க முடியலைன்னுதான் சொல்றது. தண்ணிதான் எங்களுக்கு ஜன்னல். குழந்தை நன்னா இருக்குன்னும் நான் இப்போ சொல்லமாட்டேன். முதல்ல குடி, பார்த்துட்டுச் சொல்றேன்.”

எனக்கு எங்கள் வீட்டு நீல டிரம் ஞாபகம் வந்தது. தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று பார்க்க, மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டே வருவோம். காற்று இருக்கும் இடம் வரை ஒரு சத்தம், தண்ணீர் தொடங்கும் இடத்தில் வேறு சத்தம். இத்தனை வருடமாக நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

குடிக்கத் தொடங்கினேன். நாலு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. குமட்டியது. பழக்கம் இருந்தால்தானே? மதினி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோலக் குடிக்கவைத்தார். காலி பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து மறுபடி கொடுத்தார். அப்புறம் போய்க் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் நினைத்தாலும் உள்ளே போக முடியாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ‘நான்தானட்டி போகச் சொன்னேன்’ என்று ஒரு தடவை முணுமுணுத்தார். நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்றேன்.

அந்தக் காத்திருப்பு போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. போய்விட்டது என்று அழுது முடித்த மனசுக்கு மறுபடி ஆசை காட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் இல்லை என்று சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அடிவயிறு கல்லாகக் கனத்தது. சாமி கும்பிடக்கூட வார்த்தை வரவில்லை.

வயிறு முட்டி, நிமிர்ந்து நடக்கவே முடியாத நிலையில் மறுபடி அந்தக் கட்டிலில் படுத்தேன். பசை. கருவி. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினார். இவரும் பேசவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திற என்று சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார்.

நடுவில் கருப்பாகக் குளம் போல் ஒன்று. அதுதான் நீ குடித்த தண்ணீர் என்றார். சத்தம் தடையில்லாமல் போய்விடுவதால் தண்ணீர் கருப்பாகத்தான் தெரியுமாம். அந்தக் குளத்துக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். வளையத்துக்குள் ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஒரு சின்னப் புள்ளி விடாமல் மினுக்மினுக்கென்று அசைந்துகொண்டிருந்தது.

“துடிக்கறது பார்.”

கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அழுதால் வயிறு குலுங்குகிறது, பேசாமல் படு என்று டாக்டர் அதட்டினார். சுவரோரம் நின்ற அந்த இளம் டாக்டர் வந்து என் வயிற்றிலிருந்த பசையைத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டார்.

வெளியே வந்து நான் தலையை ஆட்டினேன். மதினி அப்போதும் கழிப்பறைக் கதவருகேதான் நின்றுகொண்டிருந்தார். இருக்கு மதினி என்றதும் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அப்புறம் கதவைவிட்டு விலகி, கையாலேயே உள்ளே காட்டினார். நான் அழுதுகொண்டே போனேன், சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தேன். பயமில்லாத நாள் ஒன்றுகூட இல்லை. இப்போது என் மகள் வீடு முழுக்கத் தண்ணீரைக் கொட்டி விளையாடுகிறாள். மதினி மான்குர்த்திலிருந்து எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். அது ஏன் என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அன்று என்னைக் கழிப்பறைக்குப் போகச் சொன்னது யார் என்பதை நான் வீட்டில் இன்று வரை சொல்லவில்லை. புடவைக் கடை முதலாளியிடம் சண்டை போட்டு, பக்கத்துக் கட்டடத்துக் கழிப்பறைக்கு எங்களுக்கு ஒரு சாவி வாங்கியிருக்கிறேன். எங்கள் சந்தில் யார் ஸ்கேனுக்குக் கிளம்பினாலும், அடக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போ என்கிறேன். எந்த விஷயத்திலாவது யாராவது என்னிடம், ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று கையை விரித்தால், எனக்கு அந்தக் கருப்புக் குளமும் அதற்கு அப்பால் விடாமல் துடித்த அந்தப் புள்ளியும்தான் ஞாபகம் வருகின்றன. கொஞ்சம் பொறுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்றுதான் இன்றும் சொல்லத் தோன்றுகிறது.