கிராணி கேட்ட தெளிஞ்ச மருந்து

மலாயாவுல காப்பார் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள்.

வயித்துப்போக்கு மருந்துக்கு வரிசை. முதல் ஆளா, தோட்ட ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி.

"கம்பவுண்டரே, போத்தலக் குலுக்காதீங்க. மேல தெளிஞ்சது எனக்கு. அடி வண்டல் பால்மரம் வெட்டுறவங்களுக்கு. பழைய கம்பவுண்டர்கிட்ட மூணு நாளா அப்படித்தான் வாங்கிக் குடிக்கிறேன்."

"ஐயா, அந்த வண்டல்தான் மருந்து. சீமைச்சுண்ணாம்பு தண்ணியில கரையாது, அடியில தங்கிடும். குலுக்கித்தான் ஊத்துவேன்."

"தொரைகிட்ட சொல்லிடுவேன்!"

"தாராளமா சொல்லுங்க."

குலுக்கினேன். அவருக்கும் வெள்ளை, கடைசி ஆளுக்கும் அதே வெள்ளை.

முந்தாநாள் வரிசைக் கடைசியில நின்னு வண்டல் குடிச்ச பால்மரம் வெட்டுற அஞ்சலை, நேத்தே குணமாகி வேலைக்குப் போயிட்டாளாம். முதல் ஆளா நின்னு மூணு நாளா வெறும் தண்ணி குடிச்ச மனுஷன், தொரைகிட்ட என்னன்னு புகார் பண்ணுவாரு, நீங்களே சொல்லுங்க.