பிரியானுக்குப் பயந்த விரல்

விரல் மூட்டு வீங்கியது. என் எதிர்ப்புச் சக்தி என்னையே தாக்குகிறதா என்று பார்க்க டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். பஸ்ஸில் கைபேசியில் அதைத் தேடி, எங்கெங்கோ போய்ப் படித்தே, பிரியான் என்ற புரதம் என் மூளையை அரிக்கப்போகிறது என்ற முடிவோடு சேலையூர் லேபில் இறங்கினேன்.

ரத்தம் எடுக்கும் அக்கா ஒல்லி, காதிடுக்கில் பேனா. எல்லாரிடமும், "இன்னா பயம், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

"அக்கா, பிரியானை மொத்தமா எடுத்துடலாமா?"

"ஐயோ சார், நல்ல பிரியான் எல்லாருக்கும் கீது. எதிர்ப்பு செல்லு ஓவரா ஆடாம அதுவும் அடக்குதாம். கோணலா மடிஞ்சாதான் பேஜாரு."

"அப்போ அந்த நல்ல பிரியான் ஏற மாத்திரை இருக்கா?"

"ரத்தம் எடுத்தாச்சு. பஞ்சை அழுத்திப் புடிங்க."

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. பேச்சுக்கு நடுவே ஊசியை எப்போது குத்தினார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.