சம்பந்தி தந்த உடைக்காத டின்

மெல்பேர்னின் ரோவில் பகுதியில் நான் தனியாக இருக்கும் வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில், முட்டை அடுக்கும் தட்டுக்குக் கீழே, ஒரு பியர் டின் எட்டு வருடங்களாக நிற்கிறது. அதன்மேல் ஒரு வாத்தின் படம் இருக்கிறது. அடியில் அச்சிட்ட திகதி கடந்து ஏழு வருடமாகிறது. வீடு கூட்டித் துடைக்க வரும் பெண் இரண்டு முறை அதை எறிந்துவிட்டாள். இரண்டு முறையும் நான் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்து, கழுவி, பழைய இடத்திலேயே வைத்தேன். அதை எனக்குத் தந்தவரை இந்தக் குறிப்பில் சம்பந்தி என்றே எழுதப்போகிறேன். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்த உறவைச் சொல்லி நான் அவரை மனதார அழைத்தது ஒரு நாள் கூட முழுதாக இல்லை.

அப்போது என் ஒரே மகளின் கலியாணத்துக்கு ஆறு கிழமை இருந்தது. மனைவி இறந்து நான்கு வருடமாகியிருந்தது. மகள் சிட்னியில் வேலை செய்தாள். அங்கே லிட்கம்மில் இருந்த ஒரு தமிழ்ப் பெடியனை அவளே விரும்பித் தெரிவு செய்திருந்தாள். "அப்பா, நீங்கள் ஒருத்தரிட்டையும் விசாரிக்கக் கூடாது, ப்ராமிஸ்" என்று அவள் வாக்கு வாங்கியிருந்தாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெடியனின் தகப்பன் இளம் வயதிலேயே யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்குப் போனவர் என்பதற்கு மேல் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். நான் பொறியியல் படித்தவன், இரண்டு நாடுகளில் அணைகளும் கால்வாய்களும் கட்டியவன். இப்படி விசாரிப்பதை ஒரு தகப்பனின் கடமை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சம்பந்தியும் மகனும், என் மகளோடு சிட்னியிலிருந்து காரில் வந்து, முறைப்படி என் வீட்டில் பேசினார்கள். முழங்கால் வருத்தத்தால் அவருடைய மனைவி வரவில்லை. ஆகவே திரும்பும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு லிட்கம்முக்குப் போய், அந்த அம்மாவின் கையால் ஒரு சாப்பாடு சாப்பிட வைப்பது என்று ஏற்பாடு. அதை இரண்டு நாள் பயணமாக நீட்டியவள் மகள். சின்னச் சின்ன ஊர்களில் தாங்களே பியர் வடித்து விற்கும் இடங்களைத் தேடிப் போவது அவளுக்கும் பெடியனுக்கும் பொழுதுபோக்கு. எங்கே பியர், எங்கே இறைச்சி வைத்துச் சுட்ட பை, எங்கே சீனச் சாப்பாடு என்று தொலைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். "ரெண்டு அப்பாமாரும் ஒருத்தரை ஒருத்தர் பழகவேணும்" என்று எங்களைப் பின் ஆசனத்தில் ஏற்றிவிட்டு அவளே காரை எடுத்தாள்.

அந்த முதல் அரை நாளை நான் மறக்கவில்லை. சம்பந்தி சிட்னியில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை விட மூன்று வயது இளமை. காரைப் பக்கத்து லொறி முந்தினால் போதும், அதன் சாரதிக்கு ஒரு பெயர் வைப்பார், அவன் வீட்டில் என்ன சண்டை என்று கதை கட்டுவார். நான் வயிறு நோகச் சிரித்தேன். மனைவி போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை. முதலில் நிறுத்திய இடத்தில், நான்கு குழி வைத்த ஒரு மரப்பலகையில் நான்கு சிறிய கிளாஸ்களில் நான்கு விதமான பியர் கொண்டுவந்து வைத்தார்கள். ருசி பார்ப்பதற்காக அப்படித் தருவார்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பலகை. எச்சில் பார்க்கிற ஆள் நான். ஆனாலும் அன்று அவர் ஒரு வாய் குடித்து நீட்ட, நான் வாங்கி ஒரு வாய் குடித்தேன். "இது ஆமிக்காரன்ரை சப்பாத்து மாதிரி மணக்குது அண்ணை, ஆனா நல்லாயிருக்கு" என்றார். பெடியன் எங்களைப் படம் எடுத்தான். இரண்டு கிழவர்கள், ஒரு கிளாஸ், நான்கு கைகள்.

இரண்டாவது இடம் வங்காரட்டாவைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் வழியில், ஆட்டுக் கம்பளி கத்தரித்த ஒரு பழைய கொட்டகையில் இருந்தது. அங்கே புளிப்புப் பியர் செய்தார்கள். அதை வடிப்பவன் தாடி வைத்த இளைஞன். தான் ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை என்றும், காற்றில் இருப்பதும் பழைய பீப்பாயில் ஒட்டியிருப்பதுமே பியரைப் புளிக்க வைக்கின்றன என்றும் பெருமையாக விளக்கினான். சம்பந்தி கிளாஸை மூக்கருகே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு பஸ் ஓட்டிப் பழகிய தன் ஆங்கிலத்தில் அவனுக்குச் சொல்லத் தொடங்கினார். கள்ளு இறக்கும் முட்டியைக் கழுவ மாட்டார்கள், அடியில் கிடக்கும் மண்டிதான் அடுத்த நாள் கள்ளைப் பொங்க வைக்கும், உள்ளே சுண்ணாம்பு பூசினால் பொங்காது, இனிப்பாகவே இருக்கும், எந்த மாதத்தில் எவ்வளவு நேரத்தில் புளிக்கும் என்றெல்லாம். இளைஞன் உள்ளே போய்த் தன்னோடு வேலை செய்யும் இருவரையும் கூட்டிவந்தான். ஒருத்தி குறிப்பெடுத்தாள். இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"என் தகப்பனார் மரம் ஏறியவர்," என்றார் சம்பந்தி. "காலையில் இருபது மரம், பின்னேரம் அதே இருபது மரம்."

அவர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். பெடியன் தகப்பனின் தோளைப் பிடித்தான், மகள் கை தட்டினாள். சம்பந்தி முகம் சிவந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வழக்கம்போல என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. கண்ணாடி விளிம்பில் அவருடைய உதடு பட்ட ஈரம் தெரிந்தது. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு எனக்கு வேறு கிளாஸ் ஒன்று வேண்டும் என்றேன். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் அந்தக் கிளாஸைப் பலகையின் குழியில் மெதுவாக வைத்தார். மகள் திரும்பி, "டாட், ஆர் யூ ஓகே?" என்றாள். "தடிமன் வாற மாதிரிக் கிடக்கு, அங்கிளுக்கும் தொத்தக் கூடாது" என்றேன். அவள் நம்பினாள். சம்பந்தி என்னை ஒருமுறை பார்த்தார். அவர் அந்தப் பார்வையைச் சிறு வயதிலேயே படித்து முடித்தவர் என்று எனக்கு விளங்கியது. விளங்கியபோது வெட்கம் வரவில்லை. இனி அவரும் அறிவார், கூச்சப்படத் தேவையில்லை என்ற ஒரு தைரியம்தான் வந்தது.

புறப்படும்போது அவர் அதே பியரில் இரண்டு டின் வாங்கினார். "வீட்டை போய் ஆளுக்கொண்டு உடைப்பம் அண்ணை" என்றார். அவர் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார் என்பது இன்று தெரிகிறது.

அன்று மாலை ஆல்பரியில் ஒரு கிளப்பில் சீனச் சாப்பாடு. நடுவில் வைத்த தட்டுகளில் நான் கை வைக்கவில்லை. எனக்கென்று தனியாக ஒரு நூடில்ஸ் எடுப்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் கண்டகாய் என்ற ஊரில் பை சாப்பிட நிறுத்தினோம். கடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. சம்பந்தி முன்னால் விறுவிறு என்று ஏறினார். பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டு சொன்னேன்: "சம்பந்திக்கு ஏறுறது புதுசே? ரத்தத்திலை இருக்கெல்லோ."

பெடியன் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான். சம்பந்தி மேற்படியில் நின்று திரும்பினார். "நான் பஸ் ஓட்டினனான் அண்ணை. ஏறினது முழுக்க மற்ற ஆக்கள்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தோற்றுப்போனவன் போல் உணர்ந்தேன். அந்தத் தோல்விக்குப் பழி வாங்குவதற்கு எனக்கு மாலை வரை நேரம் இருந்தது.

லிட்கம் வீட்டில் அவருடைய மனைவி வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். குசினியிலிருந்து கணவாய்க் கறியின் மணம் தெருவரைக்கும் வந்தது. எனக்குக் கணவாய் பிடிக்கும் என்று மகள் சொல்லியிருந்தாளாம். காலை ஐந்து மணிக்கு எழும்பி, வலிக்கும் முழங்காலோடு மீன் சந்தைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். ஒரு தட்டில் தண்ணீர்க் கிளாஸை வைத்து இரு கையாலும் நீட்டி, "குடியுங்கோ அண்ணை" என்றார்.

இதை விளங்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், குறைந்தவர்கள் என்று நாங்கள் தள்ளி வைத்தவர்களின் வீட்டுக்கு ஏதாவது அலுவலாகப் போக நேர்ந்தால், அந்த வீட்டுத் தண்ணீரை நாங்கள் குடிக்க மாட்டோம். அவர்களும் அதை அறிந்து, கடையில் ஒரு சோடா வாங்கி, மூடியை உடைக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள். நாங்களே உடைத்துக் குடிப்போம். அதை நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொண்டோம். வாலிபனாக நில அளவைக்குப் போன காலத்தில் நானும் அப்படிக் குடித்திருக்கிறேன்.

"உடைக்காத போத்தல் ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

அந்த அம்மா நீட்டிய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகளும் பெடியனும் கைபேசியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வசனம் ஒரு வசனம் மட்டுமே. சம்பந்தி எழுந்து உள்ளே போனார். வாத்துப் படம் போட்ட டின்னைக் கொண்டுவந்து, உடைக்காமல், என் முன்னால் வைத்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "எங்கட அப்பாவின்ரை வீட்டிலையும் ஒண்டு எப்பவும் இருந்தது அண்ணை. உங்களை மாதிரி ஆக்கள் வந்தால் குடுக்க. அவுஸ்திரேலியாவிலை தேவைப்படாது எண்டு நினைச்சிட்டன்."

மகள் நிமிர்ந்து, "என்ன அங்கிள்?" என்றாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை. அப்பாவுக்குத் தடிமன். சாப்பிட ஏலாதாம்" என்றார். எனக்காக அவர் பொய் சொன்னார். நான் அந்தப் பொய்யின் மறைவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, டின்னையும் எடுத்துக்கொண்டு, முன்பே பதிந்திருந்த விமானத்தில் மெல்பேர்னுக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் மகளைத் தொலைபேசியில் அழைத்து, கலியாணத்தை நிற்பாட்டு என்றேன். காரணம் கேட்டாள். சொன்னேன். பிறகு, "அந்தக் கிளாஸ்... அதுக்கா?" என்றாள். "உங்களுக்கு ஃப்ளூ எண்டு அன்ரியிட்டை நான் மன்னிப்புக் கேட்டனான் அப்பா. அவ அழுதுகொண்டு சாப்பாட்டை டப்பாவிலை போட்டவ. தடிமன் மாறினாப் பிறகு அப்பாவுக்குக் குடு எண்டு." கலியாணம் குறித்த நாளில் நடந்தது. நான் போகவில்லை. பெண் வீட்டுப் பக்கம் வெறுமையாகத் தெரியக் கூடாது என்று சம்பந்தி எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாராம். என்னோடு படித்தவர்கள் சிலர் தொலைபேசி எடுத்து, நான் சரியாகச் செய்தேன் என்றார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடம் கழித்து சம்பந்தி அழைத்தார். "அண்ணை, எங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்" என்றார். எங்களுக்கு என்றார். நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பல நாள் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு முழு வாக்கியம் தேவைப்பட்டது. நான் மிச்ச வாழ்நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அது என்னுடையதைப் பற்றிய கணக்கு. அவருடையதை நான் நினைக்கவில்லை.

போன மாசி மாதம் அவர் இறந்துவிட்டார். மகள் இரண்டு வரியில் செய்தி அனுப்பியிருந்தாள், வரச் சொல்லவில்லை. நான் போனேன். தகனம் முடிந்து லிட்கம் வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். மகள் கடதாசிக் கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றி ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். சம்பந்தியோடு பஸ் ஓட்டியவர்கள், பக்கத்து வீட்டுக் கொரியர்கள், கோயில் ஆட்கள், எல்லோருக்கும். என் முறைக்காகக் காத்திருந்தேன். அந்தக் கோப்பையை வாங்கி எல்லோரும் பார்க்கக் குடிப்பது என்று மெல்பேர்னிலேயே தீர்மானித்திருந்தேன். அது மன்னிப்பாகாது என்று தெரியும். வேறு எதுவும் என் கையில் இருக்கவில்லை.

அதற்கு முன் அந்த அம்மா தடியை ஊன்றி எழுந்து என்னிடம் வந்தார். சேலைத் தலைப்பின் மறைவில் ஒரு தண்ணீர்ப் போத்தல். மற்றவர்களுக்குத் தெரியாமல் என் கையில் வைத்து, "உடைக்கேல்லை அண்ணை" என்றார்.

"இல்லைத் தங்கச்சி, நான் தேத்தண்ணியே குடிக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. அண்ணை ஒரு நாள் கட்டாயம் வருவார், வந்தால் கரைச்சல் குடுக்காதை, ஒரு போத்தல் வாங்கி வைச்சிரு எண்டு அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அவருடைய குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. விருந்தாளியின் வழக்கத்தை நினைவில் வைத்து நடப்பவரின் குரல் அது. நான் மறுபடி வாய் திறப்பதற்குள் யாரோ வந்து அவரைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். அதற்குள் மகள் தேத்தண்ணியோடு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் மகள் வெறும் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டு வரிசையாக வந்தாள். என் முன்னால் நின்றாள். மூடி திறக்காத போத்தலைப் பார்த்தாள். என்னிடம் அவள் எடுத்துப் போவதற்கு எதுவும் இருக்கவில்லை. அடுத்தவரிடம் போனாள். அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

அந்தப் போத்தலும் இப்போது குளிர்சாதனப் பெட்டியில், டின்னுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தாகம் எடுத்தால் நான் குழாயைத் திறந்து குடிக்கிறேன். மனைவி வாங்கிய கிளாஸ்கள் ஆறு இருக்கின்றன. நான் குடிக்கும் ஒன்றைத்தான் கழுவுகிறேன். மற்ற ஐந்தையும் கழுவ வேண்டி வருவதில்லை.