எலி தேடிய ஞாயிறு

அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் சித்திரபானு ஆண்டு, ஆவணி மாதம் என்று இருக்கிறது. ஆகவே நாங்கள் எலி தேடியது அதற்கு முந்தைய ஆடியில், 2002இல். கிழமை ஞாயிறு. பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருந்த அண்ணன்கள் எல்லாரும் ஒன்றாக விழித்திருக்கும் நாள் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் ஒருவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருவர் போர்வைக்குள் இருப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா சிமென்ட் அட்டை போட்டு மூன்று அறைகளை வரிசையாகக் கட்டியிருந்தார். இரண்டில் தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த இளைஞர்கள். மூன்றாவதில் அத்தை, அப்பாவின் அக்கா. பிள்ளையில்லாதவர், மாமா போனபின் எங்களோடு இருந்தார். தாயம் ஆடினால் அழுகுணி ஆட்டம்தான் ஆடுவார். பிடிபட்டால் சிரித்துக்கொண்டே என் காயை வெட்டிவிடுவார். அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அவர் வெளியே வருவது குறைந்து, சித்திரையில் அடியோடு நின்றுபோனது. மூட்டு வலி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மூட்டு வலிக்கு எதற்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போகக் கூடாது. ஜன்னலில் நின்று பேசலாம்.

மார்பில் கட்டி. ஒரு வருஷத்துக்கு மேல் அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அந்த இடத்தை எப்படிக் காட்டுவது என்ற கூச்சம்தான் என்று அம்மா பின்னாளில் சொன்னார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அது உடைந்து புண்ணாகியிருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வலி மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டாரும் கேட்கவில்லை. அப்பா ஊர் நர்ஸம்மாவிடம் போனார். பிள்ளைத்தாய்ச்சிகளையும் தடுப்பூசியையும் பார்ப்பதுதான் தன் வேலை, இதற்குக் கொடுக்கத் தன்னிடம் பஞ்சுகூட இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னாராம். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டினார்கள். சுற்றியிருந்த கம்பெனிகளில் விரலில் கீறினாலும் கட்டுப்போட ஓர் அறை இருந்தது. கம்பெனி மதிலுக்கு இந்தப் பக்கம் வேட்டித் துணி.

அக்காவுக்கு மண்ணூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது, கம்பெனியில் பர்மனன்ட். எங்களிடம் குடியிருந்த தென்காசி அண்ணனும் அதே கம்பெனியில், அதே லைனில்தான் வேலை பார்த்தார். பெண் வீட்டில் புற்றுநோய் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா பயந்தார். பரம்பரையாக வரும் என்றும் ஒட்டிக்கொள்ளும் என்றும், இரண்டு விதமாகவும் அன்று பேசுவார்கள். ஆவணி முடியும்வரை ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று முடிவானது.

ஆனால் ஆடிக் காற்றுக்கும் அந்தப் புண்ணின் வாடை அடங்கவில்லை. அண்ணன்கள் அத்தை அறைப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். ஒருநாள் தென்காசி அண்ணன் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

"எலிதாம்பா. அட்டைக்குக் கீழ எங்கியோ செத்துக் கெடக்குது. இவங்கப்பாகிட்ட சொல்லிக்கினேகீறேன், எங்க ஏறாரு?"

அண்ணாச்சி எதற்கு ஏற வேண்டும், நாங்கள் இருக்கிறோமே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். பரணிலிருந்து உரச் சாக்குகளும் சைக்கிள் டயர்களும் இறங்கின. எலியை நம்பிய ஆட்களில் நானே முதல். டார்ச் லைட் என் கையில்தான் இருந்தது.

"ஏல, மொதல்ல ஒன் ஷூவத் தூக்கி வெளிய வையி. பாதி நாத்தம் போயிரும்" என்று ஒருவர் இன்னொருவரைச் சீண்டினார்.

தேடிக்கொண்டே கடைசி அறைக்கு வந்தார்கள். நெருங்க நெருங்க வாடை கூடியது. துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அம்மா வாசற்படியில் வந்து நின்றுகொண்டார். அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை பேசினார்.

"ஆமா தம்பி. ராத்திரில்லாம் அந்தாண்ட ரூம்லதான் ஓடிக்கினு இருந்துச்சு. நல்லா பாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்றத்துக்காக என்று நினைத்தேன்.

அத்தை சொன்னதுபோலவே நடு அறையில், ஒரு சாக்கின் மடிப்புக்குள், எலி கிடைத்தது. சுண்டெலி. எந்தக் காலத்திலோ செத்தது. தோலும் எலும்பும் வற்றி உலர்ந்த கத்தரிக்காய் வற்றல்போல இருந்தது. தென்காசி அண்ணன் வாலைப் பிடித்துத் தூக்கினார். நான் கைதட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கடைசி அறையின் கதவைப் பார்த்தார். மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"இதாம் அண்ணாச்சி. இதாம் இவ்வளவு நாளும் நாறிட்டுக் கெடந்திருக்கு."

அன்று சாயங்காலமே அண்ணன்கள் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். பிறகு ஒருநாளும் சாத்தவில்லை. எனக்கு மட்டும் ஏன் இன்னும் நாறுகிறது என்று என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன்.

கல்யாணம் குறித்தபடி நடந்தது. தென்காசி அண்ணன் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடினார், மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுச் சிரித்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறந்துவிடுவார் என்று நாங்கள் அஞ்சிய மனிதர் அவர். ஒருவேளை அவரிடம் சொல்லியிருந்தால் அத்தையை எங்காவது கொண்டுபோக இன்னொரு கை கிடைத்திருக்கும். அத்தை ஐப்பசியில் போனார். கடைசி வாரங்களில் அந்த அறையிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் துணிவில்லை. எங்கள் வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தோம் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

அப்படிப்பட்ட புண்ணின் வாடையை அடக்க மலிவான மருந்து உண்டு, அந்த வலிக்கென்றே வேறு மருந்து உண்டு, வீடு தேடி வந்து கட்டுப்போட்டு அருகில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்களும் சில ஊர்களில் உண்டு என்று பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். செய்வதற்கு எவ்வளவோ இருந்திருக்கிறது. நாங்கள் செய்தது எலி தேடியது. அன்று அதற்கு மேல் பக்கத்தைத் திருப்ப முடியாமல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். வியர்த்திருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நெஜமாவே எலி கெடச்சுதா?"

கிடைத்தது என்றேன்.

"நீ பாத்தியா? பெருசா? அதுதான் நாறுச்சா?"

"இத்துனூண்டு அத்தை. காஞ்சே போச்சு. நான் மோந்துகூடப் பாத்தேன், நாத்தமே இல்ல."

 சரி, போய் விளையாடு என்று சொல்லி அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எலி கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அத்தைக்கு மட்டும் ஏன் அது பெரிய எலியாக இருக்க வேண்டியிருந்தது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.