சொல்லியாச்சு சார்

“…பாய் சொல்லாம இருப்பாரா சார்? எம் மாமியாருக்குக் காது மந்தம், அதுக்கு எங்க கேட்டிருக்கும்! எம் புருசனும் திமிரு புடிச்சவன், சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான்…” புயல் ஓய்ந்த மறுநாள், என் கடை வாசலில் நின்று தாசில்தாரிடம் இப்படிச் சொன்னாள் அஞ்சலை.

நான் சொல்லவில்லை. இதுதான் என் குற்றம்… கேட்டுக்கொள்ளுங்கள். புயல் வருகிறதென்று அவள் புருஷன் ஏழுமலையிடம் நான் சொல்லவே இல்லை!

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சாலையோரம் என் மளிகைக்கடை. எழுபதுகளில் எங்கள் குப்பத்துக்கு இருந்த ஒரே தொலைபேசி அங்கேதான். புயல் என்றால் செங்கல்பட்டுக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கரையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் அழைப்பு வரும். குப்பத்தில் சொல்லிவிட்டு நாங்கள் திருப்பி அழைத்து, “சொல்லியாச்சு சார்” என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராத ஊருக்கு மைக் கட்டிய ஜீப் புறப்படும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்… நடுவில் நான் இருந்தேன்.

அதற்குமுன் இருமுறை நாக்கு வறளக் கத்தியிருந்தேன். இருமுறையும் ஒரு தூறல்கூட இல்லை. “மெழுகுவத்தி விக்கல போல, பாய் புயல் வுடுறாரு!” என்று கிண்டல் செய்தவன் இந்த ஏழுமலைதான். குப்பமே சிரித்தது.

மறுபடி அழைப்பு வந்த அன்று, அஞ்சலை உட்படக் குப்பமே கருங்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. தாய்க்குக் காய்ச்சலென்று ஏழுமலை மட்டும் தங்கிவிட்டான். ஒருவனுக்காக வெயிலில் மணல் மிதித்துப் போய்க் கிண்டலை வாங்கிக்கொண்டு வருவதா? இருந்த இடத்திலிருந்தே திருப்பி அழைத்தேன். “சொல்லியாச்சு சார்.”

ஜீப் வரவில்லை.

பொழுது சாய, பீடி வாங்க அவனே வந்தான். “இன்னா பாய், இன்னிக்கிப் புயல் இல்லியா?” என்று கண்ணடித்தான். “அம்மாவுக்கு வாய் கசக்குதாம். நாலு மீன் புடிச்சாந்து கொழம்பு வெக்கணும்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்!

காற்று கிளம்பியதும் போனுக்கு ஓடினேன். கம்பம் சாய்ந்து, அது செத்துக் கிடந்தது. அவனுடைய கட்டுமரத்தில் ஒரு கட்டை மட்டும் கரை வந்தது.

வில்லை விட்ட அம்பும் வாயை விட்ட சொல்லும் திரும்பாது என்பார்கள். வாயை விடாத சொல் எங்கே போகும்? யாராவது சொன்னார்களா? ஐந்து வேளை தொழுகிறேன்… நெற்றி தரையில் படும்போதெல்லாம் அது என் தொண்டையில்தான் நிற்கிறது.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். “யாருமே வரலன்னு அந்தக் கெழவி அழுவுது. நீங்க சொன்னதா எங்க ஆபீஸ்ல இருக்கு. சொன்னீங்களா பாய்?”

“சொல்லியாச்சு சார்…”

அதே சொல்! செத்தவன் தலையில் திமிரையும் பெற்றவள் தலையில் செவிட்டையும் கட்டினேன்.

அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தியா சார்? அந்தக் கெழவி ஊரெல்லாம் புளுகிகினு கீது. வா பாய், அது மூஞ்சிக்கு நேரா ஒரு தபா சொல்லு.”

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குப்பத்தை நோக்கி நடந்தாள்.