பதினைந்து சென்டிமீட்டர் ரோடு

"ரோடு எல்லி சார்?"

மாநகராட்சி இன்ஜினியர் மஞ்சுநாத் ரோடு எங்கே என்று பாதிக் கன்னடத்தில் கேட்டதும், மனிதருக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பெங்களூர் பிரேசர் டவுனில் நாங்கள் நின்றிருந்த கேட்டுக்கு எதிரேதான் ரோடு இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன்.

"அது தெரியுது சார். அங்கேருந்து அளந்தீங்களான்னு கேக்கறேன்."

நான் கட்டட பிளான் போடும் டிராஃப்ட்ஸ்மேன். தலை நரைக்கும்வரை இதே வேலைதான். செல்வராஜ் என்ற என் பெயர் ஆபீஸில் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு நான் 'சென்டிமீட்டர்'. கேலிக்கு வைத்த பெயரைப் பட்டமாக நினைத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. ரிட்டயரான கணக்கு டீச்சர். பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே தூண்கள் வைத்துப் பார்க்கிங், மேலே அவருக்கும் மூன்று தம்பிகளுக்கும் ஆளுக்கொரு மாடி. அன்றைய விதிப்படி உயரம் பதினைந்து மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுற்றிலும் இன்னும் அதிக இடம் விட வேண்டும். கட்டி முடித்த வீட்டில் அது நடக்காது. நான் 14.90-இல் நிறுத்தியிருந்தேன். எல்லையை உரசாமல் ஓரமாகப் போகிற அந்த அழகை நானே ரசித்து, ஆபீஸில் நாலு பேருக்குச் சொல்லியும் இருந்தேன்.

அளந்தது பார்க்கிங் தரையிலிருந்து. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று அந்தத் தரையை ரோட்டைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் தூக்கச் சொன்னதும் நான்தான். விதியோ உயரத்தை ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து அளக்கச் சொல்கிறது. ஆபீஸ் இளசுகளுக்கு நான் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுக்கும் விதி அது.

மஞ்சுநாத் ரோட்டில் லெவல் கருவியை வைத்துப் பார்த்தார். 15.05. "குடி போறதுக்கு சர்டிபிகேட் தர முடியாது. சரி பண்ணிட்டு மறுபடி அப்ளை பண்ணுங்க" என்று கிளம்பிவிட்டார்.

அந்த சர்டிபிகேட் இல்லாமல் நிரந்தரக் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. டீச்சர் அப்போது இருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரோ தன் மகனுக்காகக் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் தெரிந்தும், மொட்டை மாடி மேல்தளத்தைக் கொத்தி எடுத்து உயரத்தைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னேன்.

"புது வீட்டுக்கு முடி வெட்டப் போறீங்களா? அப்புறம் மாடி ஒழுகினா குடை பிடிச்சுக்கிட்டுத் தூங்கணுமா?" என்றார் டீச்சர். "முட்டை மார்க் வாங்கின பையனைக்கூட நான் இவ்வளவு திட்டினதில்ல. எங்கேருந்து எண்ண ஆரம்பிக்கணும்னே தெரியாம எண்ணிருக்கீங்களே!"

கணக்கு டீச்சரிடம் திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் குரல் கடைசியில் உடைந்தது. இந்த வயதில் இன்னொரு வாடகை வீடு தேட முடியாது என்றார்.

ஒரு வழியும் தோன்றாமல் நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அந்தத் தெருவுக்கு ரோடு ரோலர் வந்தது. நம் ஊர் வழக்கம் தெரியுமே. பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் பேச்சே கிடையாது. அதன் மேலேயே ஜல்லி, அதன் மேலேயே தார். வழக்கமாக அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று மட்டும் ஓரமாக நின்று பக்தியோடு பார்த்தேன்.

மறுபடி அப்ளை பண்ணினோம். மஞ்சுநாத் வந்து, புது ரோட்டிலிருந்து அளந்தார். 14.90. இன்னொரு தடவை அளந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"கட்டடம் இறங்கல, ரோடு ஏறிடுச்சு. ரூல் படி சரியா இருக்கு. நான் என்ன மாடலி, என்ன செய்யறது?"

சர்டிபிகேட் கைக்கு வந்தது. டீச்சர் எனக்கு பிளம் கேக் கொடுத்தனுப்பினார். ரோடு போடுவார்கள் என்று முன்கூட்டியே கணித்தவன் மாதிரி ஆபீஸில் அதை எல்லோருக்கும் பங்கு வைத்தேன். யாரோ "சென்டிமீட்டர் வாழ்க" என்றார்கள். மறுக்கவில்லை.

முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் டீச்சரிடமிருந்து போன்.

"சார், உங்க பதினஞ்சு சென்டிமீட்டர் என் பார்க்கிங்குக்குள்ள வந்து நிக்குது. சம்ப்புத் தொட்டியில குடிக்கிற தண்ணியெல்லாம் சாக்கடையாயிடுச்சு. வந்து எடுத்துட்டுப் போங்க."

ஓடினேன். தரையும் ரோடும் ஒரே மட்டம். உயரத்தில் எனக்கு மிச்சம் பிடித்துக்கொடுத்த அதே தார், தண்ணீருக்கும் வழி போட்டுக்கொடுத்திருந்தது. டீச்சரின் ஸ்கூட்டர் பாதிச் சக்கரம் மூழ்கி நின்றது. தம்பிகள் மூவரும் பக்கெட்டும் கையுமாக என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

சம்ப்பைக் கழுவவைத்த பிறகு, கேட் வாசலில் சிமென்ட் மேடு கட்ட ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை நடு ரோட்டில் போய்க் குத்தவைத்து, ஆட்டோக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, முறைப்படி அளந்தேன். டீச்சர் கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எங்கேருந்து அளக்கறீங்க?"

"ரோட்லேருந்துதான் மேடம்."

"எந்த ரோடு? இப்போ இருக்கறதா, அடுத்து மேல போடப் போறாங்களே, அதுவா?"

அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் இரண்டு வரிசை செங்கல் ஏற்றிக் கட்டும்படி மேஸ்திரியிடம் சொன்னேன்.